வளர்ந்த பக்கம்

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடங்கள் வந்ததும் முற்றத்துப் பெஞ்சில் மகேஸ்வரனைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். கணவனின் நெஞ்சில் மஞ்சள் தேய்க்கப் போன ஆவுடைத்தாயின் கை அந்தரத்தில் நின்றது. பூசும் முன்பே அந்த உடம்பு மஞ்சளாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அந்த நாய் வந்தது. வயிற்றில் ரோமம் மழித்த செவலை நாய். கூட்டத்துக்குள் பைய நுழைந்து பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டது. சங்கு ஊதியும் அசையவில்லை.

“ஏலே, நாயை விரட்டுங்கலே” என்றார் மகேஸ்வரனின் அண்ணன் ஐயம்பெருமாள். கம்பெடுத்துக் குனிந்த ஒருவன், அதன் கண்ணைப் பார்த்ததும் கம்பைப் போட்டுவிட்டு ஒதுங்கினான்.

மகேஸ்வரன் பாளையங்கோட்டையில் அறுவை மருத்துவர். கல்லீரலின் ஒரு பக்கத்துக்குப் போகும் சிரையை அடைத்துவிட்டால் அந்தப் பக்கம் வாடும், மறுபக்கம் வளரும். பிறகு நோயுள்ள பக்கத்தை வெட்டி எடுத்தாலும் ஆள் பிழைத்துக்கொள்ளலாம். அதைத்தான் நாய்களுக்குச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவர் கல்லீரலிலேயே கட்டி வந்துவிட்டது.

“எனக்கும் அதையே செய்யச் சொல்லப் போறேன். நாய் தாங்குதுல்லா, நான் தாங்க மாட்டேனா?” என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டார்.

“நாய்க்குச் செய்யிதத உங்களுக்குச் செய்ய விடமாட்டேன்.” ஆவுடைத்தாய் காலைப் பிடித்து அழுதாள். அவர் அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வாசலில் யாரோ ஓடிவந்து நின்றார்கள். மகேஸ்வரனின் உதவி மருத்துவர் தேவதாசன். சாவுச் செய்தி அவரை எட்டியிருக்கவில்லை. பெஞ்சைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

“ஐயாட்ட சொல்லணும்னு ஓடியாந்தேன், அக்கா. கடைசி நாயைக் காலையிலதான் கொன்னு அறுத்துப் பாத்தேன். மறுபக்கம் நல்லா வளந்திருக்கு. ஐயா நெனச்சது சரிதான்.”

தேவதாசனின் பார்வை பெஞ்சுக்கு அடியில் போய் நின்றது.

“இது எப்படிக்கா இங்கன வந்துச்சு?”

“எது?”

“இதத்தான் காலையில…”

முடிக்காமல் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆவுடைத்தாய் குனிந்தாள். மஞ்சள் அப்பிய கையை நாயின் வயிற்றடியில் விட்டாள். தையல் நெருடியது. அதற்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே, கதகதப்பாக, நிறைவாக ஏதோ தட்டுப்பட்டது. நாய் அவளைப் பார்த்தபடியே கிடந்தது.

“நேரமாவுது, ஆவுடை” என்றார் ஐயம்பெருமாள்.

அவள் கையை எடுக்கவில்லை. பெஞ்சிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் புறங்கையில் விழுந்து, செவலை ரோமத்துக்குள் ஊறிக்கொண்டிருந்தது.