போடாத கார்டு

1

நேற்று இளங்கோவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். வாயால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'எலெக்ட்ரிக் கிதார் அலறியதும் பிள்ளையார்பாளையத்துத் தறிகளெல்லாம் ஒரு கணம்...'

(பொய். எந்தத் தறியும் நிற்கவில்லை. "காது போவுதுபா, கதவ சாத்திக்கினு அடி" என்றார்கள், அவ்வளவுதான்.)

2

கிதார்காரர் என் கணவர் சாமுவேல். குழுவின் பெயர் ஜரி பாய்ஸ். 1966 முதல் பதின்மூன்று வருஷம். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆர்கன்காரனுக்கு மின்வாரியத்தில் வேலை கிடைத்தது. பேஸ் கிதார்காரனை, "மாப்ள கூத்தாடியா?" என்று கேட்டு மாமனார் இழுத்துப்போனார். டிரம்ஸ் இளங்கோவன் மட்டும் எட்டு வருஷம் மாறவில்லை.

ஒத்திகைக்கு அழைப்பு தபால் கார்டில் போகும். சாமுவேலின் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்பதால் நான்தான் எழுதுவேன். கார்டு போயும் வராதவனை மறுபடி கூப்பிடுவதில்லை. கார்டு வராதவன் ஏன் என்று கேட்பதில்லை. இதை அவர்கள் மரியாதை என்று நினைத்தார்கள்.

3

1974. "அண்ணி, மெட்ராஸ் ஓட்டல்ல தினம் வாசிக்கக் கூப்புடறாங்க. ஒத்திகையில சாமுவேல கேக்கப்போறேன், நீங்களும் அவன அனுப்புங்க. இங்க கல்யாணத்துக்கு வாசிச்சுக்கினே கெழவனாயிடுவான்" என்றான் இளங்கோவன்.

"உனக்கென்னப்பா, ஒத்தக் கட்ட" என்றேன். எனக்கு அப்போது ஆறாம் மாதம், இரண்டாவது.

அந்த வாரம் ஐந்து கார்டு எழுதினேன். நான்கைத் தபாலில் போட்டேன்.

(இந்த அன்னம்மாளை, அதாவது என்னை, நல்லவளாக்கப் பார்த்தேன். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தேன். பயந்தாள் என்பதற்கு மேல்...)

சாமுவேல் ஒத்திகையில் இளங்கோவனுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தார். "வரல. சரி" என்றார். இளங்கோவன் தனியாக மெட்ராஸ் போனான். அப்புறம் நான்கு டிரம்ஸ்காரர்கள் வந்தார்கள். "எவனும் அவன மாதிரி இல்ல, அன்னம்" என்பார். நான் சோறு போடுவேன்.

4

சாமுவேல் காய்ச்சலில் போய்விட்டார். நேற்று நாற்பதாம் நாள் ஜெபம். எல்லோரும் போனபின் இளங்கோவன் கேட்டான்:

"நான் இன்னா தப்பு பண்ணேன் அண்ணி? ஏன் எனக்கு மட்டும் கார்டு போடல? உங்ககிட்டயாவது சொன்னானா?"

"நாளைக்கு வா, சொல்றேன்" என்றேன்.

முடிவு ஒன்று: கார்டு தபாலில் தொலைந்தது. நம்பிவிடுவான். அவனுக்கு நண்பன் திரும்பக் கிடைப்பான். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

முடிவு இரண்டு: உண்மை. அப்போதும் நண்பன் கிடைப்பான். அண்ணி போய்விடுவாள், என் பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் ஒரே சித்தப்பாவும்.

முடிவு மூன்று:

வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். என் இடத்தில் நின்று எதுவும் சொல்லாதீர்கள். அவன் இடத்தில் நின்று சொல்லுங்கள், எந்த முடிவு வேண்டும் என்று.