தொள்ளாயிரத்து இருபது பேர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, நெரிஸ் புரோபர்ட் தன் மேசையில் விரித்திருந்த பட்டியலில் ஒரே பெயரை நான்காவது முறையாகப் பார்த்தாள். ஹமிஷ் டிரெவித்திக், கால்நடை மருத்துவர், ஹெரிஃபோர்டு. பதினேழாம் பக்கத்தில் இருந்தார். நாற்பத்தோராம் பக்கத்திலும் இருந்தார். ஒரே ஊரில் ஒரே பெயரில் இத்தனை பேரா என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பதிவு எண்களை ஒப்பிட்டுப் பார்த்தாள். நான்கும் ஒரே எண்.

நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற இன்னும் நான்கு மாதமும் சொச்சமும்தான். வெளியேறிய மறுநாளிலிருந்து கடல் தாண்டிப் போகிற ஒவ்வொரு இறைச்சிச் சரக்குக்கும், உயிருள்ள ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு கால்நடை மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட நலச்சான்றிதழ் வேண்டும். அப்படிக் கையெழுத்துப் போடும் தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர் என்று நாடாளுமன்றக் குழு ஐந்து வாரங்களுக்கு முன் கேட்டிருந்தது. தொள்ளாயிரத்து இருபது பேர் என்று துறை பதில் எழுதியது. கணக்குப் போட்டவள் நெரிஸ். கையெழுத்திட்டவர் துறைச் செயலாளர் சர் லெனார்ட் ஸ்டாக்வெல்.

பதிவேடுகள் மொத்தம் நான்கு. ஆடுமாடுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, வளர்ப்புப் பிராணிகளுக்கு ஒன்று. நான்கிலும் தகுதி வாங்கிய ஒரே மனிதர் நான்கிலும் இருப்பார். அவள் நான்கையும் அப்படியே கூட்டிவிட்டாள். இருபத்திரண்டு வருட சர்வீஸில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. திரும்பத் திரும்ப வரும் பெயர்களை நீக்கிவிட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். நானூற்றுப் பதினொன்று.

பத்து மணிக்குக் குழு கூடுகிறது.

சர் லெனார்டை அவள் தெருவில்தான் பிடித்தாள். அவர் எப்போதும் நாடாளுமன்றத்துக்கு நடந்தே போவார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடையை அவள் பக்கம் சாய்த்தபடி, ஒரு வார்த்தை குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார்.

"பாதிக்கும் கீழயா?"

"ஆமா சர் லெனார்ட். என் தப்புதான்."

"யார் தப்புங்கறது அப்புறம். இன்னொருத்தர் சரிபாத்தாங்களா?"

"இல்ல. இப்பதான் கண்டுபிடிச்சேன்."

"அப்படின்னா உங்க கையில இருக்கறது ரெண்டு எண். ஒண்ணு தப்பு, இன்னொண்ணு சரிபாக்காதது." நாடாளுமன்ற வாசலில் குடையை மடக்கினார். "இன்னைக்கு நான் எந்த எண்ணையும் வாயால சொல்லப்போறதில்ல. கேட்டா, கடிதத்துல இருக்குன்னு சொல்வேன். வெள்ளிக்கிழமை முறையா திருத்தக் கடிதம் போயிடும். யாரையும் ஏமாத்தலையே நாம?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பொய் சொல்லச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பாள்.

குழு அறையில் லாட வடிவ மேசை. வளைவின் நடுவில் தலைவர் மாரியன் ஹெல்லியர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். திறந்த பக்கத்தில் தனி மேசை போட்டு, துறையின் சார்பில் பதில் சொல்ல சர் லெனார்ட் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் போட்ட நாற்காலிகளில் ஒன்று நெரிஸுக்கு. அங்கே உட்காருகிறவர்கள் பேசக்கூடாது. தேவைப்பட்டால் துண்டுச்சீட்டு எழுதி முன்னால் நீட்டலாம், அவ்வளவுதான்.

முதலில் ஆரம்பித்தவர் டகல் கெர். எல்லைப்புற மலைத் தொகுதிக்காரர், வெளியேறுவதை முதலிலிருந்தே எதிர்த்தவர்.

"சர் லெனார்ட், என் தொகுதியில ஆளுக்குப் பதினோரு ஆடு. ஆடுங்களுக்கு ஓட்டு இருந்தா நான் எப்பவோ மந்திரி." சிரிப்பு எழுந்து அடங்கியது. "அந்தக் கறியில பாதி பிரான்சுக்குத்தான் போகுது. முதல் நாள் கையெழுத்து இல்லாம டோவர் துறைமுகத்துல லாரி நின்னா, ரெண்டாம் நாள் நாத்தம் மட்டும் கடல் தாண்டிப் போகும். தயாரா இருக்கீங்களா, இல்லையா?"

"தயாராகிட்டு இருக்கோம்."

"அடுப்புல உலை வெச்சிருக்கேன்னு சொல்றீங்க. சோறு எங்க?"

சர் லெனார்ட் அசரவில்லை. பயிற்சி, கணினி, துறைமுகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எண் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நாற்பது நிமிடம் அப்படியே போனது. நெரிஸ் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட ஆரம்பித்தாள்.

ஆபத்து துறைக்கு நண்பராக இருந்தவரிடமிருந்து வந்தது. ஜாஸ்பர் ரென், வெளியேற வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிய இளம் உறுப்பினர், துறையின் கடிதத்தைக் கையில் உயர்த்திப் பிடித்தார்.

"என் நண்பர் ஆட்டைக் காட்டி நம்மள எல்லாம் பயமுறுத்தறாரு. நான் காகிதத்தக் காட்டறேன். தொள்ளாயிரத்து இருபது மருத்துவர்கள்! இவ்வளவு பேர் இருக்கும்போது, அவசரமா ஆள் எடுத்துப் பயிற்சி குடுக்கணும்னு நம்ம அறிக்கையில எதுக்கு ஒரு பரிந்துரை? இன்னைக்கு மதியம் அறிக்கையை முடிக்கறோம். அந்தப் பத்தியை எடுத்துடணும்னு நான் கேக்கப்போறேன். சர் லெனார்ட், இந்தக் கடிதத்துல சொன்னதுல உறுதியா இருக்கீங்கதானே?"

இன்று மதியம். நெரிஸுக்கு அது தெரியாது. அறிக்கை அடுத்த வாரம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை திருத்தக் கடிதம் வரும்போது, அந்தப் பத்தி போய்விட்டிருக்கும். பயிற்சியும் போய்விடும். இருக்கிற நானூற்றுச் சொச்சம் பேரை வைத்துக்கொண்டு நாடு வெளியேறும் மார்ச் மாதத்துக்குள் நுழையும்.

அவள் பேனா தானாகவே எழுதியது: 'வெள்ளி வரை தாங்காது. இப்போதே சொல்லிவிடுங்கள்.' சீட்டை நீட்டினாள். சர் லெனார்ட் படித்தார், இரண்டாக மடித்தார், உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"கடிதம் எழுதின அன்னைக்கு எங்ககிட்ட இருந்த தகவல் அதுல இருக்கு," என்றார்.

"அது போதும் எனக்கு," என்று ரென் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் போதாது." மாரியன் ஹெல்லியரின் குரல் உயரவில்லை. கண்ணாடிக்கு மேலாக அவர் கண்கள் சர் லெனார்டின் மூடிய கையில் நின்றன. "எழுதின அன்னைக்குன்னு சொன்னீங்க. இன்னைக்கு? இப்ப வந்த சீட்டுல இருக்கறது எங்களுக்கு உதவுமா?"

"அது அலுவலக விஷயம், தலைவரம்மா."

"இங்க இப்ப நடக்கறதும் அலுவலக விஷயம்தான்."

மூலையில் நிருபர் ஒருவர் தலையைத் தூக்கினார். சர் லெனார்ட் மெதுவாகத் திரும்பி நெரிஸைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இத எழுதினவங்களே சொல்றதுதான் முறை," என்றார். பக்கத்து நாற்காலியை அவரே இழுத்துவிட்டார்.

தன்னைக் கைகொடுத்துத் தூக்குகிறாரா, குழிக்குள் தள்ளுகிறாரா என்று யோசித்துக்கொண்டே நெரிஸ் எழுந்து போய் உட்கார்ந்தாள். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்தது. பெயரையும் பதவியையும் சொன்னாள். பிறகு நான்கு பதிவேடுகளைப் பற்றிச் சொன்னாள். ஒரு மனிதரை நான்கு பேராக எண்ணியதைச் சொன்னாள்.

"அப்ப உண்மையில எத்தனை பேர்?"

"நானூத்திப் பதினொண்ணு. அதுவும் இன்னைக்குக் காலையில நான் ஒருத்தியா எண்ணினது. இன்னும் குறையலாம்."

கெர் மேசையைத் தட்டினார். ஆனால் அவர் முகத்தில் வெற்றி இல்லை. "அஞ்சு வாரம்! அஞ்சு வாரமா என் விவசாயிங்ககிட்ட ஆள் இருக்காங்க, பயப்படாதீங்கன்னு இந்தக் காகிதத்த வெச்சு நானே சொல்லியிருக்கேன். யாரோட தப்பு இது?"

"என்னோடது."

"கையெழுத்து என்னோடது," என்றார் சர் லெனார்ட், முன்னால் பார்த்தபடியே.

ரென்னின் முகம் சிவந்திருந்தது. கடிதத்தைக் கீழே போட்டார். "ரொம்பப் பொருத்தமான நேரத்துலதான் கணக்கு மாறுது! மக்கள் முடிவ மாத்தறதுக்கு அலுவலகத்துக்குள்ளயே ஆள் வெச்சு வேலை பாக்கறாங்கன்னு நாங்க சொன்னா சிரிக்கறீங்க. மிஸஸ் புரோபர்ட், ஒரே கேள்வி. வாக்கெடுப்புல நீங்க எந்தப் பக்கம் போட்டீங்க?"

"அதுக்கு நீங்க பதில் சொல்லவேண்டியதில்ல," என்று தலைவர் உடனே குறுக்கிட்டார்.

நெரிஸ் வெளியேறலாம் என்றுதான் வாக்களித்திருந்தாள். வேல்ஸில் பில்த் பக்கம் அப்பாவின் பண்ணை. ஒன்றியத் தலைமையகம் பிரஸ்ஸல்ஸிலிருந்து வரும் படிவங்களை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திட்டுகிறதைக் கேட்டு வளர்ந்தவள் அவள். லண்டனில் தன் கணவனிடம்கூட அதைச் சொன்னதில்லை. இப்போது ஒரே ஒரு வார்த்தை போதும். ரென்னின் வாய் அடைபட்டுப்போகும். நாளைய பத்திரிகைகள் அவளை வேறு மாதிரி எழுதும். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது.

"அதச் சொன்னா மருத்துவருங்க எண்ணிக்கை கூடுமாங்க, குறையுமாங்க?" என்று கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. ரென் பேனாவை மூடினார். ஒலிவாங்கியின் விளக்கு அணைந்தது.

மதியம் மூடிய கதவுக்குள் அறிக்கையை முடித்தார்கள். அந்தப் பத்தி அப்படியே இருந்தது. முன்னால் இன்னொரு வரியும் சேர்ந்திருந்தது: துறை தந்த கணக்கை நம்பமுடியாதது குழுவுக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

கீழே, கண்ணாடிக் கூரைக்குக் கீழே அத்தி மரங்கள் வளர்த்திருக்கிற முற்றத்தில், சர் லெனார்ட் ஆறிப்போன தேநீரோடு அவளுக்காக நின்றார்.

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு குழு முன்னாடி நான் இப்படி நின்னதில்ல," என்றார்.

"மன்னிச்சிடுங்க."

"தப்புக் கணக்குக்கா, சீட்டுக்கா?"

அவள் யோசித்தாள். "கணக்குக்கு."

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த நானூத்திப் பதினோரு பேரையும் யாராவது போன்ல கூப்பிட்டு உறுதி பண்ணணும். யாராவதுன்னா, நீங்க. அதுக்கப்புறம் இந்தப் பிரிவுல உங்கள நான் வெச்சிருக்க முடியாது, நெரிஸ். அமைச்சர் ஏற்கெனவே உங்கள மாத்தச் சொல்லிக் கேட்டாச்சு."

"சரிங்க," என்றாள்.

அன்று மாலை, அவள் ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போது அப்பா கூப்பிட்டார்.

"டிவில உன்னக் காட்டினாங்க. பக்கத்துப் பண்ணை எம்ரிஸ் கேக்கறான், உன் பொண்ணு வெளியேறக் கூடாதுங்கற கட்சிக்காரியாயிட்டாளான்னு."

"நான் எந்தக் கட்சியும் இல்லப்பா."

"என் ஆட்டுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லன்னா சொன்ன?"

"ஆமாப்பா."

பின்னணியில் நாய் குரைத்தது. "அத அஞ்சு வாரம் முன்னாடி சொல்றதுக்கென்னடி?" என்றார். "வசந்தத்துக்கு நூத்தம்பது குட்டி விக்கக் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன்." ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து இணைப்பு அறுந்தது.

புதன், வியாழன், வெள்ளி மதியம் வரை அவளும் இரண்டு எழுத்தர்களும் போனில் இருந்தார்கள். சிலர் ஓய்வுபெற்றிருந்தார்கள். ஒருவர் இறந்துபோயிருந்தார், மனைவிதான் எடுத்தார். லிங்கன் பக்கம் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஸ்பெயின்காரர் ஒருவர், "பிப்ரவரில நான் ஊருக்குப் போறேன்மா. என் பேர அடிச்சிடுங்க. எங்கள வேண்டாம்னு ஓட்டுப் போட்டவங்க வீட்டுக் கறிக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்றார். அவள் வாதாடவில்லை. பெயரை அடித்தாள். கார்டிகனில் எழுபது வயதுக்காரர் ஒருவர் இருபது நிமிடம் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு, கடைசியில் தன் பெயர் இருக்கட்டும் என்றார்.

முன்னூற்று அறுபத்தேழு.

வெள்ளி மூன்று மணிக்குக் கடிதத்தை சர் லெனார்டின் மேசையில் வைத்தாள். அவர் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"எத்தனை தடவ பாத்தீங்க?"

"மூணு தடவ. எழுத்தருங்க தனியா ரெண்டு தடவ."

கையெழுத்திட்டார். பேனாவை மூடியபிறகும் கடிதத்தை உடனே கொடுக்கவில்லை. "அந்த ரென் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லியிருந்தா, உங்களுக்கு நல்லதா இருந்திருக்குமா?" என்று கேட்டார்.

"இருந்திருக்கும்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கடிதத்தை நீட்டினார்.

ஜனவரியில் அவளைத் தேனீ நோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். பணிக்குறிப்பில் ஒரு கண்டனம் ஏறியது. பிப்ரவரியில் மருத்துவர்களுக்கான பயிற்சி தொடங்கியது. முதல் தொகுதியில் நூற்று எண்பது பேர். மார்ச் வந்தபோது வெளியேறும் நாளையே தள்ளிவைத்தார்கள். அப்பா அந்த வசந்தத்தில் குட்டிகளை எப்போதும் போல விற்றார். விலையைப் பற்றி மட்டும் புகார் சொன்னார்.