நாத்தனார் கொடுத்த செல்கள்

தையல்காரிக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது, அவள் கணவன் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். லிஃப்ட் மெக்கானிக் அவன். அவளுடைய அண்ணனின் எலும்பு மஜ்ஜையை அவளுக்கு ஏற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த அண்ணனும் இப்போது நெஞ்சுவலியால் படுத்திருந்தார்.

ஆராய்ச்சியில் இருக்கும் ஒரு சிகிச்சை உண்டு என்றார் டாக்டரம்மா. டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்களில் பெரும்பாலானவை, எதிரே இருப்பது சொந்த உடம்பா வேற்று உடம்பா என்று பார்த்துத்தான் சண்டைக்குப் போகும். அதனால்தான் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. காமா டெல்டா என்றொரு சின்னக் கூட்டம் மட்டும் வேறு ரகம். அது யார் எவர் என்று விசாரிக்காது. கெட்டுப்போன செல் வெளியே காட்டும் அடையாளத்தைப் பார்த்துத் தாக்கும். பொருத்தமில்லாதவரிடமிருந்தும் எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி ஏற்றலாம். பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

மஜ்ஜை பொருந்தவில்லை என்று முன்பு ஒதுக்கப்பட்ட கணவன் அங்கேயே சட்டைக் கையை மடித்துவிட்டான். ஆனால் அவன் ரத்தத்தில் அந்தச் செல்கள் கொஞ்சம்தான் இருந்தன; இருந்தவையும் வளரவில்லை. ஆளுக்கு ஆள் மாறும், அவன் குற்றமில்லை என்றார்கள். அவன் அன்று சாப்பிடவில்லை.

"வெளிய மாதிரியே உள்ளயும் சோம்பேறிங்கதான் போல," என்றாள் மனைவி.

அவன் சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மிச்சமிருந்தது அவன் அக்கா. மாணவியர் விடுதியில் சமையல்காரி. அவளுக்கும் தையல்காரிக்கும் பேச்சு நின்று பல வருடம். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது குளிப்பாட்டி, துணி மாற்றி, கரண்டியால் ஊட்டியவள் தையல்காரி. மாமியார் இறந்த அன்று, வந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, வேளைக்குச் சோறு போட்டிருந்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்று சொன்னவள் நாத்தனார். அந்த ஒரு வார்த்தை தெருவெல்லாம் சுற்றிவிட்டுத் தையல் கடைக்கும் வந்து சேர்ந்தது.

தம்பி போனில் விவரம் சொல்லி முடிப்பதற்குள், எப்போது வர வேண்டும் என்று கேட்டாள் அவள். அவளுடைய செல்கள் மளமளவென்று பெருகின. ஆய்வகத்துப் பெண்ணே அசந்துபோனதாகச் சொன்னார்கள்.

செல் ஏற்றுவதற்கு முன்பு ஒருநாள், முகக்கவசத்தோடு வார்டு கதவருகே வந்து நின்றாள் நாத்தனார். அடுப்புச் சூட்டில் பழுத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்க அண்ணி," என்றாள் தையல்காரி. தலையில் முடியில்லை, உதடெல்லாம் புண். "நீங்க குடுக்கறதை வாங்கிக்கறேன். எனக்கு உயிரு வேணும். ஆனா அன்னைக்கு சொன்னது மறந்துபோச்சுன்னு நெனச்சுடாதீங்க."

"மறக்க வேணாம். அது பொய்யின்னு சொல்லும்போதே எனக்குத் தெரியும்."

"அதை அன்னைக்கே அத்தனை பேர் முன்னாடியும் சொல்லியிருக்கலாம்."

கண்ணில் வெயில் அடிக்கிறதா என்று கேட்டு, நாத்தனார் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

செல்களை உறையவைத்திருந்த பையை வெந்நீர்த் தொட்டியில் உருக்கி ஏற்றினார்கள். உறையவைக்கும்போது கலந்த மருந்தால் அறை முழுக்க வேகவைத்த சோளத்தின் வாசனை. அன்றைக்கே காய்ச்சல் தூக்கியடித்தது, பிறகு இறங்கியது. அடுத்த மஜ்ஜைப் பரிசோதனையில் கெட்ட செல்கள் ஒன்றும் தென்படவில்லை. கணவன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான்.

வீட்டுக்கு வந்தவள் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, தனக்கே ஒரு சட்டை தைத்துக்கொண்டாள். விடுதி வேலை முடிந்ததும் நாத்தனார் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று தையல்காரி சொன்னதில்லை. தட்டில் மிச்சம் வைத்ததும் இல்லை. ஒருநாள் அளவெடுக்காமலேயே நாத்தனாருக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். கைப்பகுதி இறுக்கமாக இருந்தது. பிரித்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்தாள்.

வெயில் காலம் முடிவதற்குள் ஈறில் ரத்தம் கசிந்தது. நோய் மூன்றாம் முறையாக வந்துவிட்டது. ஏற்றிய செல்கள் அவள் உடம்பில் நீடித்துத் தங்கவில்லை என்றார் டாக்டரம்மா. நாத்தனாரின் செல்கள் இன்னும் சில பைகள் உறைநிலையில் இருக்கின்றன, மறுபடி முயலலாம் என்றும் சொன்னார். ஆனால் அதற்குள் நுரையீரலில் பூஞ்சை பிடித்துவிட்டது.

கடைசி நாட்களில் ஈரப் பஞ்சால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டவள் நாத்தனார்தான். ஒரு மதியம், மன்னித்துவிடு என்று முதன்முறையாக வாய்விட்டுக் கேட்டாள்.

"மூச்சு வாங்குது அண்ணி," என்றாள் தையல்காரி. "இன்னொரு நாள் பேசலாம்."

அந்த இன்னொரு நாள் வரவில்லை.

உடலை வாங்கக் காத்திருந்தபோது டாக்டரம்மா நாத்தனாரைத் தனியே அழைத்தார். மிச்சமிருக்கும் பைகளை, அவள் சம்மதித்தால், வேறொரு நோயாளிக்குப் பயன்படுத்தலாம் என்றார். யாரென்று சொல்ல முடியாது.

"அவங்ககிட்டயாவது நிக்குமா?"

"தெரியலம்மா."

"எடுத்துக்கோங்க," என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். தம்பி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். அவனை நிறுத்தி, குனிந்து, சரியாக மாட்டிவிட்டாள். இருவரும் ஆம்புலன்ஸ் நின்ற பக்கமாகப் போனார்கள்.