பத்து நிமிட ஓய்வு

அக்கா அன்று நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். லிஃப்ட் ஓடவில்லை. நான்கு மாடியும் படியேறி வந்து, என் அறைக் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். பின்னாலேயே அவள் கைப்பையைத் தோளில் மாட்டியபடி அத்தான்.

"ரெண்டு வருஷமா டிமிக்கி கொடுத்தவளை இழுத்துட்டு வந்திருக்கேன். ஒப்படைச்சதுக்கு ஒரு கையெழுத்துப் போடு."

மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுப்பது என் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சித்தப்பா அலாரம் அடித்ததும் எழுந்து, அப்படியே சரிந்தார். பிழைத்துக்கொண்டார். பரம்பரையாக வரும் இதயக் கோளாறு என்றார்கள். ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்ததற்குத் தயாராகும் நேரம் அவருக்கு நீளம். அந்த மாதிரி இதயம் திடீர்ச் சத்தத்தில் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். அப்பா உயிரோடு இல்லாததால் எங்கள் இருவரையும் சோதிக்கச் சொன்னார்கள். எனக்கு இல்லை. அக்கா வரவேயில்லை.

அவள் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறாள். மணி அடித்தால் தூக்கத்திலிருந்து துள்ளி எழ வேண்டும். கோளாறு இருந்தால் அந்த வேலை போய்விடும்.

"சீக்கிரம் முடி, எலி," என்றாள். வீட்டில் நான் எலி.

ஒயர்களை ஒட்டினேன். தாள் வெளியே வந்தது. மேலே அந்தத் தயாராகும் நேரத்துக்கு இயந்திரமே போட்ட கணக்கு: 478 மில்லி விநாடி. பெண்களுக்கு 460 வரை சரி.

"உன் மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

எனக்குப் பொய் வராது. அவளுக்கும் அது தெரியும். தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"துடிப்பு நூறு இருக்கே. எவ்வளவு நேரம் படுக்க வச்சே?"

யார் வந்தாலும் பத்து நிமிடம் படுக்க வைப்பேன். அவசரப்படுகிறவர்களிடம் மட்டும்தான் எனக்குக் குரல் எழும். அக்காவைப் படுக்கச் சொன்ன கையோடு ஒயரை ஒட்டிவிட்டேன். முடிந்தால் போதும் என்றிருந்தது.

"வைக்கலை, டாக்டர்."

"வேகமா துடிச்சா மெஷின் கணக்கு ஏத்திக் காட்டும். உனக்குத் தெரியாததா?"

தெரியும்.

டாக்டரம்மாவும் என்னோடு வந்தார். அக்காவைப் பேசாமல் படுக்கச் சொல்லி, அத்தானையும் பார்த்தார்.

"பத்து நிமிஷம் இவரு வாயை மூடிக்கிட்டா அதுவே எனக்குப் பாதி வைத்தியம்," என்றாள் அக்கா.

அத்தான் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

இரண்டாவது தாளில் 421.

"இப்ப சட்டுனு எந்திரிச்சு நில்லுங்க," என்றார் டாக்டரம்மா.

"மணி அடிச்ச மாதிரியா?"

"அதே மாதிரி."

அக்கா எழுந்த வேகத்தில் அத்தான் பின்வாங்கி நாற்காலியில் இடித்துக்கொண்டார். தாள் ஓடியது. எழுந்ததும் துடிப்பு வேகமாகும். அதோடு அந்தத் தயாராகும் நேரமும் சுருங்க வேண்டும். சித்தப்பாவுக்குச் சுருங்கவில்லை. டாக்டரம்மா கவராயத்தின் இரண்டு முனைகளையும் கோட்டில் வைத்து, தூக்கி, மறுபடி வைத்தார். சித்தப்பாவின் பழைய தாளையும் பக்கத்தில் விரித்தார். அதில் ஒவ்வொரு துடிப்பின் கடைசி அலையும் நடுவில் பிளந்து இரட்டை மேடாக இருந்தது. அக்காவுடையது வழவழவென்று ஒரே மேடு.

"நல்லா சுருங்குது. பிளவும் இல்ல. ரத்தப் பரிசோதனையும் பண்ணிட்டா முழுசா முடிச்சிடலாம். ஆனா எனக்கு இதுல பயம் இல்ல."

அக்கா நின்றுகொண்டேயிருந்தாள்.

"சாயங்காலம் டூட்டி இருக்கு."

"போங்க."

டாக்டரம்மா போனதும் ஒயர்களைக் கழற்றினேன்.

"முதல் தாள் என் தப்புக்கா."

"கால் மணி நேரம் என்னைக் கொன்னுட்டே. ஒரு மாசம் எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் நீதான் தேய்க்கணும்."

"அப்ப நான் என்ன பண்றது?" என்றார் அத்தான். "எனக்கிருந்த ஒரே வேலையும் போச்சா?"

அக்கா கைப்பேசியில் நிலைய அதிகாரியை அழைத்தாள்.

"சார், சாயங்காலம் நான்தான்..."

உதட்டைக் கடித்துக்கொண்டு கைப்பேசியை அத்தானிடம் நீட்டினாள். அவர் அதைக் காதில் வைத்தார்.

"அவ வந்துடுவா சார். வண்டியை வேற யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க."