தாத்தாவின் பஸ்

தாத்தா பஸ் ஓட்டியவர். நான் சின்னவளாக இருந்தபோது சாப்பாட்டுத் தட்டுதான் அவருக்கு ஸ்டியரிங். "கண்டக்டரம்மா, போலாமா? உங்கம்மா டிக்கெட் எடுக்கலன்னா இறக்கி விட்டுடு!" என்பார். "ரைட், ரைட்!" என்று கத்துவேன். இப்போது அவருக்கு எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை. இன்று படுக்கையை நனைத்துவிட்டார் என்று அப்பா அவரை அறைந்தார்.

எல்லாரும் தூங்கிய பிறகு அத்தைக்குப் போன் செய்தேன்.

"அத்தை, அப்பா உள்ள வந்தாலே தாத்தா கையால தலைய மூடிக்கிறாரு. பயமா இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."



"நானும் உங்கப்பனும் அப்படித்தான்டி மூடிக்குவோம், தாத்தா பெல்ட்ட உருவினா."

"நம்ம தாத்தாவா?"

"அவரேதான். உனக்குக் கெடச்ச தாத்தா வேற. அதுக்காக உங்கப்பன் அடிக்கிறது சரியாயிடுமா? காலையில வந்து அவர என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்கப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ தாத்தா ரூம்லயே படுத்துக்கோ."

தாத்தா விழித்துத்தான் இருந்தார். அந்தப் பெல்ட்டை நினைத்துக்கொண்டே அவர் கையைப் பிடித்தேன்.

"கண்டக்டரம்மா, ஸ்டாப் வந்துடுச்சா?"

"விடிஞ்சதும் வந்துடும் தாத்தா," என்றேன்.