பதினோரு தாள்கள்

"ஆட்சேபம் குடுத்தவர் பேரு மருது, தகப்பனார் பேயாண்டி" என்று தாலுகா ஆபீஸ் கிளார்க் வாசித்ததும் ஒச்சாயி சிரித்துவிட்டாள். "நம்ம ஏரியாவுல இன்னொரு மருது இருக்கான்போலண்ணே. கூட்டியாந்து நாலு சாத்து சாத்தணும்" என்று என்னிடம் சொன்னாள். என் தகப்பனார் பெயர் அவளுக்குத் தெரியாது.

ஆனையூருக்கு வடக்கே, கண்மாயை ஒட்டிய வாடகை வீடுகள் எங்கள் தெரு. பதினோரு பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள், வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுங்கள் என்று யாரோ மனுக் கொடுத்திருப்பதாக நோட்டீஸ் வந்தது. பதினோரு பேரும் அங்கேயேதான் கிடக்கிறார்கள். ஒருநாள் கூலியை விட வைத்து, ஆதாரும் கேஸ் சிலிண்டர் புத்தகமுமாக அவர்களை விசாரணைக்குக் கூட்டி வந்தது தமிழ்வாணியும் நானும். தமிழ்வாணி தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள். விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க வீடு வீடாக அலைகிறவள், சாயங்காலத்தில் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவள். நான் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன். நாற்பத்தாறு வயதில்தான் என் பெயரை எழுதினேன்.

கிளார்க் மேசையில் தாள்களை விரித்தார். ஒவ்வொன்றின் அடியிலும், சாக்கின் மேல் மை போட்டு எழுதுகிற மாதிரி அகல அகலமாக மூன்று எழுத்து. என்னுடையதுதான்.

மார்கழியில் ஒரு காலை. தேர்தல் வந்தால் யாருக்காவது வேலை பார்க்கிற சூரியபிரகாஷ் டீக்கடையில் ஒரு கட்டுத் தாளை நீட்டினான். "தண்ணி லாரி வரலன்னு மனுண்ணே. ஆபீசுக்கு ஒண்ணா அனுப்பணும்ல, அதான் இம்புட்டு. கைநாட்டு வச்சா எவனும் மதிக்க மாட்டான். நீங்க போட்டாத்தான் எடுபடும்." பெயர் எழுதுகிற இடமெல்லாம் காலியாக இருந்தது. மேலே பொடி எழுத்து. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், உதடு அசையும். கடையில் நாலு பேர் இருந்தார்கள். படித்து முடித்தவன்போலத் தலையை ஆட்டிவிட்டு வரிசையாகப் போட்டேன். இருபது தாள் கொடுத்திருந்தாலும் போட்டிருப்பேன். காலியிடங்களைப் பிறகு நிரப்பியபோது அவன் தன் போன் நம்பரைக் கொடுத்திருந்ததால் எனக்குத் தகவலும் வரவில்லை.

"மருது யாரு, வந்திருக்காரா?" என்றார் அதிகாரி அம்மா.

தமிழ்வாணி என் காதருகே வந்தாள். "அண்ணே, பேங்க் புக்குல நீங்க இன்னும் கைநாட்டுதான. இது எங்கையெழுத்தே இல்லன்னு சொல்லி, மையத் தொட்டு வச்சிட்டு வாங்க." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது யாருடையது என்று தெரியாதா?

பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை என்று தாளில் அச்சாகியிருந்ததைக் கிளார்க் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அதிகாரி அம்மா சொன்னார்: "குடுத்தவரே வாபஸ்னு எழுதிக் குடுத்தா இன்னைக்கே முடிச்சிருவேன். போலின்னா ஸ்டேஷனுக்கு எழுதணும், கையெழுத்த ஒப்பிடணும், வீடு வீடா ஆள் அனுப்பிப் பாக்கணும். அதுக்குள்ள லிஸ்ட் வந்துரும். இவுங்க பேரு இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

ஊதா மைப்பெட்டி திறந்து கிடந்தது. கட்டைவிரலுக்கு அது பழகிய இடம். விரல் அது பாட்டுக்கு முன்னால் நகர்ந்தது. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். மூட்டை தூக்கினால்தான் உலை. விரலை மடக்கிக்கொண்டேன்.

"எங்கையெழுத்துதாம்மா. படிக்காமப் போட்டுட்டேன்."

பின்னால் நின்ற பெயிண்டர் முத்துக்கருப்பன், "படிச்ச மனுசன் வேலையப் பாத்துட்டாருய்யா" என்றான்.

"எம்பேரையுமா?" என்றாள் ஒச்சாயி.

"ஒம்பேரையுந்தான்."

"முந்தாநாளு கொழம்பு குடுத்துவிட்டேனே, நக்கி நக்கித் தின்னியே."

நான் மேசைப் பக்கம் திரும்பினேன்.

"மேல என்ன நடவடிக்கைன்னு நான் கேட்டுத்தான் சொல்லணும். அது புரியுதா?" என்றார் அதிகாரி அம்மா. புரிகிறது என்றேன். "அப்ப தாளுக்கு ஒண்ணா பதினோரு வாபஸும் ஒங்க கைப்பட எழுதுங்க." நான் எழுதுகிறேன் என்று வந்த தமிழ்வாணியைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். விடிய விடிய மூட்டை இறக்கிய தோள், பேனாவை அழுத்தும்போது குத்தியது. மின்விசிறி தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. முதல் தாள் முடிய ஒரு ஷிப்ட் ஆன மாதிரி இருந்தது.

ஒச்சாயி வந்து பக்கத்தில் நின்றாள். சித்தாள் வேலை பார்க்கிறவள், விரலெல்லாம் சிமெண்ட் தின்ற வெடிப்பு. உள்ளங்கையை விரித்துத் தாளின் மேல்பக்கம் அழுத்தினாள்.

"இதா எம்பேரு?"

"இல்ல. இது முத்துக்கருப்பன்."

"ம். எழுது."

அவள் வாயில் 'அண்ணே' வரவில்லை. அடுத்த தாளை வைத்தேன். இதா, என்றாள். இல்லை என்றேன். ஐந்தாவது தாளில் அதிகாரி அம்மா போனை எடுத்து யாரிடமோ என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பேனா நின்றது. ஒச்சாயியின் கை மட்டும் தாளின் மேல் அப்படியே இருந்தது, விரல்களுக்கு நடுவே தாள் படபடக்க.