ஐந்தடி நிழல்

சின்னப்பையன் தண்ணீர் திருடுகிறான் என்பதில் எத்திராஜுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. எப்படித் திருடுகிறான் என்பதுதான் பிடிபடவில்லை.

அயனம்பாக்கம் ஏரி அந்த வருஷம் பங்குனியிலேயே வற்றத் தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரனுக்குக் கலெக்டர், தாசில்தார் என்று ஆயிரம் பேர் இருந்தார்கள். மழையை வரவழைக்க அவர்களாலும் ஆகாதே! நவரை நெற்பயிரைக் காப்பாற்ற ஊரே முறை வைத்துக்கொண்டது. காலையில் மேல்கழனிகளுக்குத் தண்ணீர், பகலில் கடைக்கழனிகளுக்கு, பிற்பகலில் மற்றவர்களுக்கு. கடிகாரம் யாரிடம் இருந்தது? ஏரி நாட்டாமை வெயிலில் நிற்பார். அவர் நிழலின் உச்சியில் கோடு கிழிப்பார்கள். அந்த நீளத்தை அவரே தம் பாதத்தால் அடி அடியாக அளப்பார். காலை நிழல் ஐந்தடிக்குச் சுருங்கினால் பகல் முறை தொடங்கும். உச்சி சாய்ந்து மறுபடி ஐந்தடிக்கு நீண்டால் முடியும். கோடு கிழிக்கிறவனும் அவர் சொன்னதும் வாய்க்காலை மண்வெட்டியால் திருப்பிவிடுகிறவனும் நீர்க்கட்டி சின்னப்பையன். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு அதுதான் பிழைப்பு.

பழைய நாட்டாமை வேம்புலிக்கு முட்டிவலி வந்துவிட, மாசியில் எத்திராஜை நாட்டாமை ஆக்கினார்கள். பொன்னியம்மன் கோயிலில் ஒரு சாண் உயரத்துக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். அடேயப்பா, அன்றிலிருந்து மனிதர் அதைக் கழற்றியது குளிக்கவும் படுக்கவும் மட்டும்தான்! கூடவே சந்தேகமும் தலைக்கு ஏறிக்கொண்டது. ஊரை ஆள்கிறவன் யாரையும் நம்பக் கூடாது என்று எவன் சொல்லிக்கொடுத்தானோ! வீட்டு அரிசிப் பானைக்குள் விரலால் கோடு போட்டு வைத்துவிட்டுத்தான் கழனிக்குப் போவார். மனைவி தாட்சாயிணி அந்தக் கோட்டைப் பார்த்தாள். அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் கடைக்கழனிக்காரி கன்னியம்மாள் வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள், அந்த ஒரு துண்டுக் கழனியை நம்பி இருக்கிறவள்.

"என் முறையில தண்ணி வருது நாட்டாமை. கடசி பாத்திக்கு எட்டறதுக்குள்ள முறை முடிஞ்சிடுது. நாலு பாத்தி காஞ்சிகினு கீது."

எத்திராஜ் வாய்க்கால் நெடுகக் குனிந்து நடந்து பார்த்தார். நண்டு வளை இல்லை, உடைப்பு இல்லை, எவனும் கரையை வெட்டிய தடமும் இல்லை. தப்பு எதுவும் தென்படாததே அவருக்குப் பெரிய தப்பாகத் தெரிந்தது. சின்னப்பையன் யாருக்கோ கைமாற்றி விடுகிறான்! பிற்பகல் முறைக்காரன் நாகப்பனோடு அவன் சிரித்துப் பேசியது ஞாபகம் வந்தது. தாட்சாயிணி அவனுக்கு மோர் ஊற்றியதுகூட ஞாபகம் வந்தது. ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை மனுஷன். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடும், சின்னப்பையனிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி வேறு ஆள் போட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். சின்னப்பையனின் பெண்சாதி அங்கம்மா செங்கல் சூளையில் வேலை கிடைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எத்திராஜ் வழக்கம்போல அளந்தார். "அஞ்சரை கீது. இன்னும் ஆவல" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நடந்து தாழம்புதருக்குப் பின்னால் பதுங்கினார். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது!

சின்னப்பையன் நாலு பக்கமும் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். நாட்டாமை நின்ற அதே இடத்தில் நின்று, தன் நிழலைப் பாதத்தால் அளந்தான். பிறகு பெருமூச்சு விட்டு, மண்வெட்டியைத் தொடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எத்திராஜ் பாய்ந்து வந்தார். "இன்னாடா அளந்தே?"

"சும்மா ஆண்டே..." அவன் பேந்தப் பேந்த விழித்தான்.

"எத்தினி அடி?"

"அஞ்சு."

"எனக்கு அஞ்சரை, உனக்கு அஞ்சா? யாரை ஏமாத்தப் பாக்கறே?" எத்திராஜ் விறைப்பாக நின்றார். "போடு கோடு!"

சின்னப்பையன் குனிந்து கோடு கிழித்தான். அவன் கை போன இடத்தைப் பார்த்த எத்திராஜுக்குத் திக்கென்றது. கோடு விழுந்தது அவர் தலையின் நிழலில் இல்லை; தலைப்பாகையின் நிழலில். அதைக் கழற்றினார். நிழல் கோட்டுக்கு அரையடி உள்ளே சுருங்கி நின்றது.

வேம்புலி வழுக்கைத் தலையோடு அளந்தவர். எத்திராஜ் அளந்ததோ ஒரு சாண் தலைப்பாகையோடு. அதனால் காலை நிழல் ஐந்தடிக்குச் சுருங்கத் தாமதமானது. பிற்பகல் நிழல் சீக்கிரமே ஐந்தடிக்கு நீண்டது. இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டது கன்னியம்மாளின் நேரம். மிச்சமானதில் பாதி எங்கே போனது? காலை முறைக்கு, எத்திராஜின் சொந்தக் கழனிக்கு. பச்சைப் பசேலென்று நின்ற அந்தப் பயிரை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா?"

"மொத நாளே வாயத் தொறந்தேன் ஆண்டே. அளக்கறவன் நீயா நானான்னு கேட்டீங்க." தயங்கிவிட்டுச் சொன்னான்: "நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அவன் அப்படிச் சொன்னதுதான் எத்திராஜுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தாட்சாயிணியிடம் சொன்னார். நாளையிலிருந்து வெறுந்தலையோடு அளந்தால் ஒருத்தருக்கும் தெரியாது என்றும் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியாதுதான். அவனைத் தொரத்திட்டு நீ நாட்டாமையா இரு. ஆனா இந்த ஊட்டுல இனிமே யாரையும் ஒரு கேள்வி கேக்காதே. பானையில கோடு போடற வேலையும் வச்சிக்காதே."

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் எத்திராஜ் வெறுந்தலையோடு எழுந்து நின்றார்.

"கன்னியம்மா தண்ணிய எடுத்தது சின்னப்பையன் இல்ல. நான்தான்." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அறுப்பு வரைக்கும் தன் கழனியின் காலை முறை முழுவதும் கன்னியம்மாளுக்கு என்றார். தன் பயிர் கருகும் என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

நாகப்பன் விடுவானா? அவன் கழனிக்கும்தான் தண்ணீர் கூடுதலாகப் பாய்ந்தது. அதைப் பற்றி மூச்சு விடவில்லை. "நாப்பது நாளா தெரியாமலே செஞ்சியா? உன் பயிரு மட்டும் பச்சையா கீறது கண்ணுக்குத் தெரியல? யாருகிட்ட காது குத்தறே?"

கூட்டம் முணுமுணுத்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார் எத்திராஜ். எல்லார் கண்ணிலும் ஒரே பார்வை. நாற்பது நாளாக அவர் அவர்களைப் பார்த்த பார்வைதான் அது.

தூரத்தில், கூட்டத்துக்கு வெளியே சின்னப்பையன் நின்றிருந்தான். வேம்புலி அவன் பக்கம் திரும்பினார். "தினம் கூட நின்னு கோடு போட்டவன் நீ. தெரிஞ்சி செஞ்சாரா, தெரியாம செஞ்சாரா? நீ சொல்றதுதான்."

ஒரு வார்த்தை போதும், எத்திராஜ் அந்த ஊரில் திருடன். பழி தீர்க்க அவனுக்கு இதைவிட வேளை வாய்க்குமா?

"தெரியாமத்தான்" என்றான் சின்னப்பையன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

எத்திராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. வேம்புலி அவனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நாற்பது நாளில் அப்படி ஒரு கேள்வியை எத்திராஜ் அவனிடம் கேட்டதே இல்லை.